தஞ்சாவூர் முதல் கும்பகோணம் வரை: கணவன், மனைவி, கையில் ஒரு நாள். எந்த வழியாகப் போகலாம்?

ஈரோட்டுக்காரி

அனைவருக்கும் வணக்கம். தை மாத முதல் முகூர்த்தத்தில் தஞ்சாவூரில் உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்று இருக்கிறது. அதற்காக நானும் என் கணவரும் ஈரோட்டிலிருந்து வருகிறோம். திருமணத்துக்கு மறுநாள் முழுவதும் எங்கள் கையில் இருக்கிறது. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ரயில் நிலையத்துக்குப் போனால் போதும். வாடகைக் கார் ஒன்று பேசி வைத்திருக்கிறோம்.

எங்கள் இருவருக்கும் ரசனை ஒன்றாக இருந்திருந்தால் இந்தக் கேள்வியையே கேட்டிருக்க மாட்டேன். நான் சிறு வயதில் பரதம் கற்றவள். நல்ல சிற்பத்தின் முன்னால் நின்றுவிட்டால் எனக்கு நேரம் போவது தெரியாது. அவர் பாசனப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், காலிங்கராயன் வாய்க்கால் கரையில் பிறந்து வளர்ந்தவர். சாமி கும்பிட்டு முடித்ததும் அவர் கண் மதகைத் தேடத் தொடங்கிவிடும். நாங்கள் எந்த ஊருக்குப் போனாலும், நான் பார்த்து முடிக்கும்வரை அவர் தூணோரம் உட்கார்ந்து அதே செய்தித்தாளை இரண்டாம் முறை படிப்பதுதான் வழக்கம். இந்த முறையாவது இருவருக்கும் ஏதாவது கிடைக்கும்படி ஒரு நாளை அமைத்துக்கொள்ள முடியுமா?

பெரிய கோயிலையும் தாராசுரத்தையும் விட முடியாது என்கிறேன் நான். கல்லணையைப் பார்க்காமல் டெல்டாவிலிருந்து திரும்புவது நியாயமில்லை என்கிறார் அவர்.

கீழவாசல்

வாருங்கள் அம்மா. நான் தஞ்சாவூரிலேயே இருப்பவன். வெளியூர் நண்பர்கள் வரும்போதெல்லாம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: எங்கள் பகுதியில் ஒரு நாள் என்பது இரண்டு அரை நாள். பெரும்பாலான கோயில்களில் நண்பகல் பன்னிரண்டு மணியை ஒட்டி நடை சாத்தினால் மறுபடி நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். அந்த நான்கு மணி நேரத்தை எங்கே வைப்பது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குப் பிறகு ஊர்ப் பெயர்களை எழுதுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, பூட்டிய கோபுர வாசலில் காருக்குள் ஏ.சி. போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பெரிய கோயிலை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கோயில் கிழக்குப் பார்த்தது என்பதால் காலை வெயில் முகப்பில் நன்றாக விழும் என்று படம் எடுப்பவர்கள் சொல்வார்கள், அது உண்மைதான். ஆனால் செருப்பை வெளியே விட்டுவிட்டு அவ்வளவு பெரிய கல்தளத்தை வெறுங்காலால் கடக்க வேண்டும். தை மாதமானாலும் பதினொரு மணிக்கு மேல் கல் சுடும். மாலை ஐந்து மணிக்கு மேல் விமானத்தின் மேற்கு முகம் பொன்னிறமாக மாறும். ஊர்க்காரர்களும் அந்த நேரத்தில்தான் குடும்பத்தோடு வந்து புல்தரையில் உட்காருவார்கள். உங்களுக்கு இரவு ரயில் தஞ்சாவூரில் என்பதும் இதற்கு ஒத்துவருகிறது.

வளநாடன்

ஈரோட்டிலிருந்து இவ்வளவு தூரம் வந்துவிட்டு இரண்டே கோயிலா? பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் மூன்றும் உலக மரபுச் சின்னங்கள். பெரிய கோயில் 1987இல் பட்டியலில் சேர்ந்தது, மற்ற இரண்டும் 2004இல் சேர்ந்தன. கார் கையில் இருக்கும்போது மூன்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாம். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பி முதலில் கங்கைகொண்ட சோழபுரம், திரும்பும் வழியில் தாராசுரம், மாலையில் பெரிய கோயில். ஓட்டுநர் நல்லவராக இருந்தால் நடுவில் கும்பேசுவரர், சுவாமிமலை, திருபுவனம் மூன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். கும்பகோணத்திலிருந்து ஒரே நாளில் ஒன்பது நவகிரகத் தலங்களுக்கும் அரசுப் போக்குவரத்துக் கழகமே சிறப்புப் பேருந்து விடுகிறது. அவர்களால் ஒன்பது முடியும்போது உங்களால் ஆறு முடியாதா?

அரசலாறு

வளநாடன் ஐயாவின் கணக்கு சாலைக் கணக்கு. நவகிரகப் பேருந்தில் போகிறவர் திங்களூரில் இறங்கி, அர்ச்சனை செய்து, விளக்கேற்றிவிட்டு ஏறினால் அவர் வந்த காரியம் முடிந்துவிடுகிறது. அது வேண்டுதல், அதற்கு அந்தப் பேருந்து மிகவும் பொருத்தமானது, என் அம்மாவையே அனுப்பி வைத்திருக்கிறேன். சிற்பத்தின் முன்னால் நின்றால் நேரம் தெரியாது என்று எழுதியிருக்கும் ஒருவருக்கு அந்த வேகத்தைப் பரிந்துரைப்பது சரியாகாது.

கும்பகோணத்திலிருந்து கங்கைகொண்ட சோழபுரம் சுமார் 35 கிலோமீட்டர். கொள்ளிடத்தைத் தாண்ட வேண்டும். போகவர இரண்டு மணி நேரம், அங்கே நின்று பார்க்க இரண்டு மணி நேரம் என்று வைத்தாலே காலைப் பொழுது முழுவதும் அதற்கே போய்விடும். அதற்குப் பிறகு தாராசுரத்துக்கு மிஞ்சுவது நடை சாத்துவதற்கு முந்தைய அரை மணி நேரம்தான். தாராசுரத்தை அரை மணி நேரத்தில் பார்ப்பதற்குப் பதிலாகப் பார்க்காமலே இருக்கலாம்.

இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். தாராசுரம் இரண்டாம் இராசராசன் காலத்துக் கோயில்; பன்னிரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. பெரிய கோயிலை நீங்கள் அண்ணாந்து பார்க்க வேண்டும். தாராசுரத்தில் குனிய வேண்டும், பல இடங்களில் உட்கார வேண்டும். எல்லாரும் முன்மண்டபத்தில் தேர்ச் சக்கரத்தையும் இழுக்கும் குதிரையையும் படம் எடுப்பார்கள். யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பத்தைக் குழந்தைகளுக்குக் காட்டுவார்கள். பலிபீடத்துப் படிகள் தட்டினால் இசைக்கும் என்பதைக் கேள்விப்பட்டு, அவற்றைச் சுற்றிக் கம்பி வேலி போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறுவார்கள். அத்துடன் பெரும்பாலோர் கிளம்பிவிடுகிறார்கள். மிச்சமிருப்பது கருவறையைச் சுற்றி வரும்போது சுவரின் அடிப்பகுதியில், உங்கள் முழங்கால் உயரத்துக்கும் கீழே இருக்கிறது. நாயன்மார்களின் வரலாறு முழுவதையும் சிறு சிறு கட்டங்களாகச் செதுக்கி, பலவற்றின் மேல் இன்ன காட்சி என்று பெயரையும் பொறித்து வைத்திருக்கிறார்கள். அவற்றில் சுந்தரர் முதலை வாயிலிருந்து பாலனை மீட்கும் காட்சியைத் தேடிப் பிடியுங்கள். அது நடந்ததாகச் சொல்லப்படும் அவிநாசி உங்கள் ஊர்ப்பக்கம்தானே.

ஈரோட்டுக்காரி

அவிநாசிக் கோயில் தாமரைக் குளத்தின் பக்கம் சிறு வயதில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். அந்தக் கதை தாராசுரத்தில் கல்லில் இருக்கிறது என்பது எனக்குப் புதிய செய்தி. மிக்க நன்றி.

இன்னொரு கேள்வி. பெரிய கோயில் விமானத்தின் உள்ளே மேல்தளத்தில் கரணச் சிற்பங்கள் (நடன நிலைகளைக் காட்டும் சிற்பங்கள்) இருப்பதாக என் ஆசிரியை சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவற்றைப் பார்க்க அனுமதி கிடைக்குமா?

மெய்க்கீர்த்தி

கிடைக்காது என்று எடுத்துக்கொண்டு திட்டமிடுவதே நல்லது. கருவறையைச் சுற்றியுள்ள உள்சுற்றின் மேல்தளத்தில் 108 கரணங்களுக்கு இடம் ஒதுக்கி, 81 மட்டும் செதுக்கி முடித்திருக்கிறார்கள். மிச்சக் கற்கள் வெறுமையாகவே நிற்கின்றன. அந்தத் தளத்திலும், அதற்குக் கீழே சோழர் ஓவியங்கள் இருக்கும் சுற்றிலும் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. நாயக்கர் கால ஓவியப் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் மறைந்திருப்பதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி 1931இல் கண்டறிந்தார் என்பதை உங்கள் கணவருக்கும் சொல்லுங்கள். செய்தித்தாள் படிப்பவர்களுக்குப் பிடிக்கும் செய்தி அது.

கரணம் பார்க்கவே வேண்டுமென்றால் கும்பகோணம் சாரங்கபாணி கோயிலின் கிழக்குக் கோபுரத்தின் கீழ்ப்பகுதியை வெளியில் நின்றே பார்க்கலாம். பெருமாள் கோயில் வாசலில் சிவனுடைய தாண்டவத்துக்கு உரிய கரணங்கள் எப்படி வந்தன என்பது ஆய்வாளர்கள் நீண்ட காலமாகப் பேசிவரும் செய்தி. நீங்கள் நடனம் கற்றவர் என்பதால் எந்தக் கால் எங்கே தூக்கியிருக்கிறது என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். முழுத் தொகுதிக்குச் சிதம்பரத்துக்குத்தான் போக வேண்டும். அதற்கு வேறொரு நாள் தேவை.

பெரிய கோயிலில் நடனம் தொடர்பாக உங்களுக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பல தளிகளிலிருந்து (கோயில்களிலிருந்து) 400 ஆடல் மகளிரைத் தஞ்சைக்கு வரவழைத்துக் குடியமர்த்திய செய்தியை இராசராசன் கல்வெட்டில் பொறித்திருக்கிறான். ஒவ்வொருவரின் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், தளிச்சேரி என்ற அவர்கள் குடியிருப்பில் எந்தச் சிறகில் (வீட்டு வரிசையில்) எத்தனையாவது வீடு என்பது வரை அதில் இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆடல் கலைஞர்களின் வீட்டு முகவரியைப் படிக்கக்கூடிய இடம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

இத்துடன் ஒரு வேண்டுகோள். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்றும், உச்சியில் இருப்பது எண்பது டன் எடையுள்ள ஒற்றைக் கல் என்றும் வழிகாட்டிகள் சொல்வார்கள். நிழல் நன்றாகவே விழுகிறது, மாலையில் நீங்களே பார்க்கலாம். உச்சிச் சிகரம் பல துண்டுகளை இணைத்துக் கட்டப்பட்டது. 1010இல் சுமார் 216 அடி உயரத்துக்குக் கருங்கல்லைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள் என்ற உண்மையே போதுமான வியப்பு. அதன்மேல் கட்டுக்கதையையும் ஏற்ற வேண்டியதில்லை.

தரங்கை

எல்லாரும் சோழர்களையே சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். மயிலாடுதுறையைத் தாண்டிக் கிழக்கே வந்தால் தரங்கம்பாடி இருக்கிறது. 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, பாதிரியார் சீகன்பால்கு 1706இல் வந்து இறங்கிய கரை, 1718இல் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயம், பக்கத்திலேயே கடல் அரித்துத் தின்ற மாசிலாமணிநாதர் கோயில். நண்பகலில் கடற்காற்று வாங்கிக்கொண்டு கணவனும் மனைவியும் நடப்பதற்கு டெல்டாவில் இதைவிட நல்ல தெரு இல்லை.

அரசலாறு

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்றிரவே தஞ்சாவூருக்குத் திரும்ப வேண்டியவர்களுக்கு அது எதிர்த்திசை. மாயவரத்தில் தங்குகிறவர்களுக்கு அதையே சொல்வேன்.

ஈரோட்டுக்காரி

என் கணவர் இந்த இழையை இரண்டு நாட்களாக என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருக்கிறார். அடுத்தது அவர் எழுதுவது.

வணக்கம். கோயில்களைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டேன். கல்லணை தஞ்சாவூருக்கு மேற்கே சுமார் 45 கிலோமீட்டர், கும்பகோணம் கிழக்கே 40 கிலோமீட்டர் என்று வரைபடத்தில் பார்த்தேன். இரண்டையும் ஒரே நாளில் சேர்ப்பது ஓட்டுநரைக் கொல்வதற்குச் சமம் என்பதால் கல்லணையை நானே விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் தண்ணீர் இல்லாத ஒரு நாளாக அது போய்விடக் கூடாது. தையில் ஆற்றில் தண்ணீர் இருக்குமா? கிளை ஆறுகள் பிரியும் இடம் ஏதாவது வழியில் வருமா?

வெண்ணாற்றங்கரை

ஐயா, உங்கள் கேள்விக்குப் பதில் எழுத இவ்வளவு நேரம் காத்திருந்தேன். நான் பாபநாசம் வட்டத்தில் விவசாயம் செய்கிறவன்.

மேட்டூரை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது மரபு. இருப்பைப் பொறுத்துத் தேதி முன்பின் ஆகும். தை முதல் வாரத்தில் நீங்கள் வருவதால் ஆறு முழுவதும் வறண்டிருக்காது. ஆனால் சம்பா அறுவடை தொடங்கிவிடும் காலம் என்பதால் கரை தொட்டு ஓடும் வெள்ளத்தையும் எதிர்பார்க்காதீர்கள். அதைப் பார்க்க ஆடிப்பெருக்குக்கு வர வேண்டும்.

கல்லணையை விட்டுக்கொடுத்ததற்கு ஈடாக ஒரு வழி சொல்கிறேன். போகும்போது அய்யம்பேட்டை, பாபநாசம் சாலையில் போங்கள். திரும்பும்போது அதே சாலையில் வராமல், சுவாமிமலை, கபிஸ்தலம், கணபதி அக்ரகாரம் வழியாகத் திருவையாற்றுக்கு வாருங்கள். காவிரியை ஒட்டிய சாலை. வாழைத் தோப்பும் வெற்றிலைக் கொடிக்காலும் மாறி மாறி வரும். திருவையாற்றிலிருந்து தஞ்சாவூர் 13 கிலோமீட்டர். அந்தச் சிறிய தூரத்துக்குள் காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று ஐந்து ஆற்றைப் பாலத்தின் மேல் கடப்பீர்கள். ஒரே நாளில் ஐந்திலும் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தால், எந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் முறை வைத்திருக்கிறார்கள் என்பது உங்களைப் போன்றவருக்குப் புரிந்துவிடும். வெண்ணாற்றிலிருந்து வெட்டாறும் வடவாறும் பிரிவது தஞ்சாவூருக்கு அருகே தென்பெரம்பூர் தலைப்பில் (ஆறு பிரியும் மதகில்). நேரம் மிஞ்சினால் அங்கே போகலாம்.

நேரம் மிஞ்சவில்லை என்றாலும் கவலை இல்லை. பெரிய கோயிலுக்குப் பக்கத்திலேயே ஓடும் புது ஆறு கல்லணைக் கால்வாய்தான். மேட்டூர் அணையோடு சேர்த்து 1934இல் முடித்த வேலை அது. பழைய ஆறுகள் எட்டாத ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை மேட்டு நிலத்துக்குத் தண்ணீர் கொண்டுபோவது அதுவே. அம்மா உள்ளே கல்வெட்டுப் படிக்கும்போது நீங்கள் பாலத்தில் நின்றுகொள்ளலாம், செய்தித்தாள் தேவைப்படாது.

ஓர் எச்சரிக்கை. அறுவடை நேரத்தில் சாலையின் ஒரு பாதியில் நெல்லைக் காயப்போட்டிருப்பார்கள். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்த்துத்தான் எடுப்பார்கள் என்பதால் எங்களுக்கு வேறு வழி இல்லை. ஓட்டுநரிடம் ஹாரன் அடித்துக்கொண்டு நெல்மேல் ஏற்ற வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

கீழவாசல்

இதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். அப்படியானால் நண்பகல் நான்கு மணி நேரம் சுவாமிமலையிலும் காவிரிக் கரையிலுமாக அமைந்துவிடுகிறது. சுவாமிமலை ஸ்தபதிகளின் பட்டறைகளுக்கு நடை சாத்துதல் கிடையாது. வாசலில் கேட்டால் பெரும்பாலும் உள்ளே விடுவார்கள். போகும் வழியில் பசுபதிகோயிலுக்கு அருகே புள்ளமங்கை இருக்கிறது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலாம் பராந்தகன் காலத்துச் சிறிய கோயில். வடபுறக் கோட்டத்தில் (சுவர் மாடத்தில்) குடையின் கீழ் நிற்கும் கொற்றவை, இருபுறமும் சிங்கமும் மானும். ஒரு முறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். வாயில் பூட்டியிருந்தால் பக்கத்து வீடுகளில் விசாரியுங்கள்.

சாப்பாடு பற்றி யாரும் எழுதவில்லை. காலையில் கும்பகோணத்தில் இட்லிக்குக் கடப்பா கிடைக்கிறதா என்று கேளுங்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் செய்வது. உங்கள் பக்கம் இதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். திருவையாற்றில் அசோகா அல்வா. அதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன், என் மனைவி இதைப் படிக்கிறாள், எனக்குச் சர்க்கரை இருக்கிறது.

ஈரோட்டுக்காரி

போய் வந்துவிட்டோம். கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்கள் பட்டியலில் சேர விரும்பாததால் விரிவாகவே எழுதுகிறேன்.

காலை ஆறரைக்குக் கிளம்பினோம். புள்ளமங்கையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. சுவரின் அடித்தளத்தில் உள்ளங்கை அளவே உள்ள இராமாயணக் காட்சிகளைப் பற்றி இங்கே யாரும் எழுதவில்லையே! இளவெயில் சாய்வாக விழுந்தபோது ஒவ்வொரு கட்டமும் தனித்தனியே எழுந்து தெரிந்தது. வெயில் சற்று ஏறியதும் அதே கற்கள் தட்டையாகிவிட்டன. ஆகவே அங்கே போகிறவர்கள் எட்டு மணிக்குள் போங்கள்.

தாராசுரத்தில் ஒன்பது மணிக்கு நுழைந்து, நடை சாத்தும்வரை இருந்தோம். முதலைக் காட்சியைக் கண்டுபிடித்தது என் கணவர்! நான் மேலே கோட்டத்துச் சிற்பங்களில் லயித்திருந்தபோது, அவர் வழக்கம்போல் உட்கார இடம் தேடித் தரையோரம் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்துக்கு நேரெதிரே கல்லில் முதலை வாயைத் திறந்திருக்கிறது, பிள்ளை வெளியே வந்துகொண்டிருக்கிறான். அதற்குப் பிறகு அவர் எழுந்திருக்கவே இல்லை. ஒவ்வொரு கட்டமாக நகர்ந்து நகர்ந்து, மேலே எழுதியிருக்கும் எழுத்துகளைக் கூட்டிப் படிக்க முயன்றுகொண்டிருந்தார். முன்முற்றம் ஏன் சுற்றுப்புறத்தைவிடத் தாழ்ந்திருக்கிறது, மழைநீர் எங்கே வடியும் என்று காவலரிடம் கேட்டதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஓட்டுநரோடு அங்கேதான் சிறு மனக்கசப்பு. பக்கத்தில் ஒரு பட்டுக் கடையில் "சும்மா ஒரு பார்வை" பார்த்துவிட்டுப் போகலாம் என்று அவர் மூன்று முறை சொன்னார். வேண்டாம் என்றதும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். புடவை எடுக்க விரும்புகிறவர்கள் திருபுவனத்துக்கே போய் நெசவைப் பார்த்து எடுப்பார்கள். அடுத்த முறை கார் பேசும்போதே கடைகள் கிடையாது என்று சொல்லிவிடுவேன்.

சாரங்கபாணி கோபுரத்துக் கரணங்களுக்குப் பத்தே நிமிடம்தான் கிடைத்தது. வெயில் நேர்மேலே இருந்ததால் கழுத்து வலித்ததே மிச்சம். கடப்பாவும் தீர்ந்துவிட்டது, காலையில் மட்டும்தானாம்.

சுவாமிமலையில் நாங்கள் நுழைந்த பட்டறையில் ஒரு நடராசரின் மெழுகு உருவம் பாதி முடிந்த நிலையில் இருந்தது. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்தது, கறுப்பாக, தொட்டால் லேசாக ஒட்டும். முதியவர் ஒருவர் தென்னை ஓலையின் நறுக்கு ஒன்றை உருவத்தின் உயரத்துக்கு வெட்டி, அதை மடித்து மடித்து முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு என்று அளந்துகாட்டினார். கையில் அளவுகோலே இல்லை. தூக்கிய திருவடியின் கோணத்தைப் பார்த்து நான் ஏதோ கேட்க, அவர் பதில் சொல்லத் தொடங்கியபோதுதான் என் கணவர் குறுக்கிட்டு, மெழுகின்மேல் பூசுவது எந்த மண் என்று கேட்டார். காவிரி வண்டல் என்றார் முதியவர். முதல் பூச்சுக்கு வண்டலை நன்றாகச் சலித்து நைசாக எடுக்க வேண்டும், மெழுகில் இருக்கும் நகக்கீறல்வரை மண் பிடித்துக்கொண்டால்தான் உலோகத்தில் வரும் என்று விளக்கினார். அதற்குப் பிறகு பேச்சு முழுவதும் அவர்கள் இருவருக்குள்தான். வண்டல் எந்த மாதத்தில் படியும், மணல் அள்ளுவதால் கரை மண்ணின் தன்மை மாறியிருக்கிறதா, வாய்க்கால் வண்டல் ஏன் உதவாது என்றெல்லாம் ஒரு மணி நேரம். இந்த முறை செய்தித்தாள் தேவைப்பட்டது எனக்கு.

திருவையாற்றுச் சாலையில் வெண்ணாற்றங்கரை ஐயா எழுதியது அப்படியே நடந்தது. கபிஸ்தலத்துக்கு இந்தப் பக்கம் அறுவடை இயந்திரம் ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு ஊர்ந்தது; அதன் பின்னாலேயே வெகுதூரம் போனோம். நெல் பரப்பியிருந்த இடத்தில் ஒரு பெண் காலாலேயே வரப்பு வரப்பாக நெல்லைக் கிளறிக்கொண்டு போனதை என் கணவர் காரை நிறுத்தச் சொல்லிப் பார்த்தார். காவிரியில் ஒரு பக்கம் மட்டும் நீர், மிச்சம் மணல். குடமுருட்டியில் கொஞ்சம் கூடுதல். வெண்ணாறு நன்றாக ஓடியது. அவர் ஒவ்வொன்றையும் சின்னக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

பெரிய கோயிலுக்கு ஐந்தே காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். நிழல் விழுகிறது, பார்த்துவிட்டேன். தளிச்சேரிக் கல்வெட்டு எது என்று கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. சுவர் முழுவதும் எழுத்து, யாரைக் கேட்டாலும் வெவ்வேறு திசையைக் காட்டினார்கள். ஆனாலும் ஓரிடத்தில் நின்று பொறுமையாகப் பார்த்தபோது ககரமும் னகரமும் பிடிபட்டன. அவர் இதற்கிடையில் புது ஆற்றுப் பாலத்துக்குப் போய்விட்டு ஏழு மணிக்குத்தான் வந்தார்.

மெய்க்கீர்த்தி

கல்வெட்டு எழுத்தைப் படிக்க ஆசையிருந்தால் சோழர் காலத் தமிழ் எழுத்துகளின் அட்டவணை ஒன்றை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புள்ளி வைக்கும் பழக்கம் கிட்டத்தட்ட இல்லை என்பதையும், எகர ஒகரங்களில் குறில் நெடில் வேறுபாடு காட்ட மாட்டார்கள் என்பதையும் நினைவில் வைத்தால் பாதி வேலை முடிந்தது. வடமொழிச் சொல் வரும் இடங்களில் கிரந்தம் கலந்திருக்கும், அங்கே தயங்காமல் தாண்டிப் போகலாம்.

வளநாடன்

நல்ல பயணம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கங்கைகொண்ட சோழபுரம் விடுபட்டது விடுபட்டதுதானே.

ஈரோட்டுக்காரி

விடுபட்டது உண்மை ஐயா. அதற்காகவே இன்னொரு முறை வர நினைக்கிறோம். ஐப்பசிப் பௌர்ணமி அன்னாபிஷேகத்தன்று வரலாமா என்று அவர் கேட்கிறார்.

அரசலாறு

அன்னாபிஷேகத்தைப் பார்க்க வேண்டுமானால் அன்றைக்கு வாருங்கள். அவ்வளவு பெரிய லிங்கத்தைச் சோற்றால் மூடுவது கண்கொள்ளாக் காட்சி. ஆனால் அன்று சிற்பத்தின் அருகே நிற்க முடியாது, கூட்டம் நகர்த்திக்கொண்டே போகும். வடபுறப் படிக்கட்டை ஒட்டிச் சண்டேசருக்குச் சிவபெருமான் தம் கையால் மாலை சூட்டும் சிற்பம் இருக்கிறது. அதன் முன்னால் அம்மாவுக்கு ஒரு மணி நேரமாவது வேண்டியிருக்கும்.

ஆவணியில் ஒரு வேலைநாளாகப் பார்த்து வாருங்கள். கும்பகோணத்தில் தங்கி, காலையில் அணைக்கரை வழியாகப் போக வேண்டும். கொள்ளிடம் அங்கே ஒரு திட்டால் இரண்டாகப் பிரிகிறது, இரண்டு கிளைக்கும் குறுக்கே ஆர்தர் காட்டன் 1836இல் கட்டிய கீழணை. மேட்டூரில் உபரி நீர் திறந்திருக்கும் வாரமாக இருந்தால் ஐயாவை அங்கிருந்து கிளப்புவது கடினம். எனவே கோயிலை முதலில் முடித்துவிட்டு, திரும்பும்போது அணைக்கரையில் நிறுத்துங்கள். பாலம் குறுகலானது, கனரக வாகனங்களுக்குத் தடை உண்டு. காரைப் பாலத்தின்மேல் நிறுத்தாமல் தாண்டிவந்து ஓரமாக விட்டுவிட்டு நடந்து போய்ப் பாருங்கள்.